கோடியின் ஒன்பது வரிசைக் கல்

எங்கள் ஏரிக் கோடியில் ஒன்பது வரிசைக் கல் இருந்தது. ஏரி நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையின் வடக்கு முனையில் கட்டிய கல்சுவரை எங்கள் பக்கத்தில் கோடி என்பார்கள். கருங்கல்லைச் சதுரமாக உடைத்து, வரிசைக்கு ஓரடி உயரம் வரும்படி அடுக்கியிருந்தார்கள். ஒன்பதாவது வரிசையின் தலையைத் தண்ணீர் தொட்டால் ஏரி நிறைந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் விரற்கடை ஏறினாலும் அந்தப் பக்கம் வழியத் தொடங்கும். "ஏரி கோடி போவுது" என்று யாராவது கத்திக்கொண்டு தெருவில் ஓடுவார்கள். பெண்கள் கோடிக்குப் பக்கத்தில் பொங்கல் வைத்து, மஞ்சளும் பூவும் தண்ணீரில் விட்டுத் திரும்புவார்கள்.

நான் டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வீடு, திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவில், பஸ் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த கிராமத்தில். தினமும் ஏரிக்கரை மேல்தான் சைக்கிளில் போய் வந்தேன். கண்ணில் படுவதை எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. கரையில் நாற்பத்தொரு பனை. மதகு இரண்டு. கரைக்குக் கீழே நஞ்சையில் பதினான்கு கிணறு, அதில் ஒன்று என்னுடையது. கரையின் மேல் இரண்டு கட்டைவண்டி எதிரெதிரே வந்தால் ஒன்றும் கீழே இறங்க வேண்டியதில்லை, அவ்வளவு அகலம். கோடி அருகே வந்ததும் இறங்கி, கல்வரிசையை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் பக்கம் திரும்புவேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி கேட்பாள். "இன்னாங்க, கல்லு எல்லாம் சரியா இருக்குதா? ஒண்ணும் எழுந்து போயிடலையே?"

கல் எழுந்து போகும் என்று அப்போது அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மழை தவறிய வருஷங்களுக்கென்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தை மாதத்திலேயே ஏரித் தரை தெரிந்துவிட்டால், கரைக்குக் கீழே நஞ்சை வைத்திருப்பவர்கள் கோயில் முன்னால் கூடுவார்கள். ஏரியில் தண்ணீர் இல்லை, ஆகவே கீழே நெல் இல்லை. அதற்கு ஈடாக ஏரித் தரையைப் பங்கு போட்டு, அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் விதைத்துக்கொள்வார்கள். கீழே எவ்வளவு நிலமோ அதற்குத் தக்கபடி மேலே பங்கு. கயிறு பிடித்து அளந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவார்கள். வண்டல் மண் ஆனதால் எரு போடாமலே கேழ்வரகும் எள்ளும் வெள்ளரியும் வரும். ஆனால் வேலி போடக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, கூரை எழுப்பவே கூடாது. தண்ணீர் வந்துவிட்டால் கதிர் பால் பிடித்திருந்தாலும் விட்டுவிட்டுக் கரையேறிவிட வேண்டும். இது எந்த ஆபீஸிலும் எழுதி வைத்த சட்டமல்ல. ஆபீஸ் கணக்கில் அந்தத் தரை மொத்தமும் ஏரிப் புறம்போக்கு, அரசாங்கத்தின் நிலம், அவ்வளவுதான். ஊர் வழக்கத்தை ஆபீஸ் கேட்கவில்லை. ஊரும் போய்ச் சொல்லவில்லை.

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தலைநகரானது. அதற்குப் பிறகு மூன்று முறை ஏரி கோடி போனதை நான் பார்த்தேன். பின்னால் வந்த வருஷங்களில் மழையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது வருகிற விதம் மாறியது. முன்பு ஐப்பசியில் பிடித்தால் விட்டு விட்டுப் பெய்யும். முதலில் தரை குடிக்கும், பிறகு ஓடை, கடைசியில் ஏரி. இப்போது மழை நாள் கம்மி, பெய்கிற நாளில் மட்டும் ஜாஸ்தி. ஒரே மாலையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். மறுநாள் காலையில் சித்திரை போல வெயில். மலையில் மேகம் கட்டினால் குடையை எடுப்பது எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் பழக்கம். எடுத்த குடையை விரிக்காமலே திரும்பக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிய நாட்கள் அதிகமாயின.

அப்படிப்பட்ட ஒரு வருஷத்துச் சீட்டில்தான் ஏரியின் மேற்கோரத்துத் துண்டு, பஸ் சாலையை ஒட்டியது, என் மச்சானுக்கு விழுந்தது. மச்சான் என் மனைவியின் தம்பி. கரைக்குக் கீழே என் நிலத்துக்கு அடுத்த வரப்பு அவனுடையது. பத்தாவது வரை படித்தவன், நன்றாகப் பேசுவான், வேலைக்கு அஞ்சமாட்டான். சீட்டு விழுந்த அன்றைக்கே மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மாமா, இது மண்ணு இல்ல, அல்வா."

"ஒரு பருவத்துக்குத்தான் மச்சான். ஞாபகம் வெச்சுக்கோ."

"தண்ணி வந்தா எழுந்துக்கறேன். வரலன்னா? தண்ணியாண்ட போயி நீ வந்துதான் ஆவணும்னு கேக்கவா முடியும்?"

தண்ணீர் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. மறுபடி சீட்டுக் குலுக்கக் கூட்டம் கூடியபோது பாதிப்பேர் வரவே இல்லை. டவுனில் வேலை கிடைத்தவர்கள் போய்விட்டார்கள். எல்லோரும் போன வருஷத்துத் துண்டையே வைத்துக்கொள்ளட்டும் என்று முடிந்தது. என் பங்கை நான் விதைக்கவில்லை, ஆடு மேய்ந்தது. அந்த ஆடுகள் தன் துண்டுக்குள் வராமல் இருக்க மச்சான் முள்ளை வெட்டிப் போட்டான். முள் போட்டதும் காவலுக்கு ஒரு பந்தல் வேண்டியிருந்தது. பந்தலுக்கு நிழல் பற்றவில்லை என்று ஒரு வேப்பங்கன்று. அதற்கு ஊற்றத் தண்ணீர் தூரமாக இருக்கிறது என்று ஒரு போர். ஏரியின் வயிற்றிலேயே போர் போட்டால் தண்ணீர் கிடைக்காமலா போகும்? பீச்சிக்கொண்டு வந்தது. அந்தக் கோடையில் கரைக்குக் கீழே பதினான்கு கிணற்றில் ஆறு வற்றியது.

அப்போதுதான் தலையாரி வந்து அவனிடம் பி மெமோ கொடுத்துவிட்டுப் போனார். புறம்போக்கில் பயிர் செய்தவனுக்குக் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் அது. கொஞ்சம் தண்டத்தொகை கட்டச் சொல்லியிருக்கும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அதைக் கண்டு பயந்திருப்பான். மச்சான் மஞ்சள் தடவாத குறையாக அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"பாத்தீங்களா மாமா? கவர்மெண்டே என் பேர எழுதிக் குடுத்துட்டான்."

"இது அபராதம்டா."

"அபராதம் யாருக்குப் போடுவான்? எடத்துல இருக்கறவனுக்குத்தானே போடுவான்? உங்களுக்கு ஏன் போடல? நீங்க அங்க இல்ல, அதான். பத்து வருஷம் இது மாதிரி வாங்கிட்டா பட்டா தானா வரும்னு கீழ்பென்னாத்தூர்ல சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"எல்லாரும்."

அவன் மட்டும் இப்படி நினைத்தான் என்று எழுதினால் அது பொய். எங்கள் பக்கத்தில் படித்தவர்கள்கூட அப்படித்தான் நினைத்தார்கள். தண்டம் கட்டிய ரசீதை நிலப் பத்திரம் மாதிரி பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களை நான் அறிவேன். ஒரு வருஷம் மெமோ வரத் தாமதமானால் தலையாரியைத் தேடிப் போய், "இந்த வருஷம் எனக்கு வரலீங்களே" என்று கேட்பார்கள். தப்புக்குத் தண்டனையைக் கேட்டு வாங்குகிற ஜனங்களை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பட்டா கேட்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை மனு நாளில் போவான். ஒருமுறை என்னையும் துணைக்கு அழைத்தான். வாத்தியார் கூட வந்தால் உட்காரச் சொல்வார்கள் என்று அவனுக்கு நம்பிக்கை. யாரும் உட்காரச் சொல்லவில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் முப்பத்தேழு பேர். முறை வந்ததும் அங்கிருந்த குமாஸ்தா மனுவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஏரிப் புறம்போக்குக்குப் பட்டா கெடையாதுங்க. ஆட்சேபணை உள்ள எடம்."

"சார், ஆறு வருஷமா தண்ணி இல்ல சார். வந்து பாருங்க, தூசிதான் பறக்குது. தண்ணி இல்லாத ஏரி எப்படி சார் ஏரி?"

"ரெகார்டுல தண்ணி நிக்குதுங்க. தரையில நிக்கலன்னா அதுக்கு நான் இன்னா பண்றது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆபீஸில் யாரும் தரையைப் பார்க்கவில்லை, ஏரியில் இருப்பவர்கள் யாரும் காகிதத்தைப் பார்க்கவில்லை. இரண்டும் சந்தித்துக்கொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. தண்ணீர் வருவது. அது எப்படி வரப்போகிறது என்ற கவலை அன்று பஸ்ஸில் திரும்பும்போது என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றுவரை விடவில்லை.

புதிய நூற்றாண்டு பிறந்து முதல் சில வருஷங்கள் மிக மோசமானவை. பதினான்கு கிணற்றில் பன்னிரண்டு வற்றியது. என்னுடையதில் மதியத்துக்கு மேல் பக்கெட் தரையைத் தட்டும். கீழே நஞ்சை தரிசாகக் கிடந்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டுமனை பார்த்துக் கொடுத்துக் கொழுத்த ஒரு புரோக்கர் எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தான். வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன். தரிசாகக் கிடக்கும் நஞ்சையை வாங்கி மனை போடுகிறேன் என்றான். முதலில் விற்றது மச்சான்.

அன்றைக்கு என் மனைவி தம்பியிடம் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது.

"அப்பா குடுத்த நெலத்த வித்துட்டு எங்கடா இருக்கப் போற?"

"வீடு கட்டிக்கறேன்க்கா. என் எடத்துலதான்."

"எது உன் எடம்? ஏரியா?"

"ஏரி எங்கக்கா இருக்குது? காட்டு பாக்கலாம்."

"நீ தவளையா இருந்தா எங்க இருக்குதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

என்னைப் பார்த்து அவன் கேட்டான். "நீங்களே சொல்லுங்க மாமா. கீழ இருக்கற நெலத்துக்குப் பட்டா இருக்குது, தண்ணி இல்ல. மேல இருக்கறதுக்குத் தண்ணி இருக்குது, பட்டா இல்ல. மனுஷன் எதக் குடிப்பான்?"

பட்டா உள்ள நிலத்தை விற்று, பட்டா இல்லாத இடத்தில், ஏரிக்குள், அவன் வீடு கட்டினான். இரண்டு அறை, ஒரு கூடம், மேலே காங்கிரீட் தளம். மேற்கோரத்தில் தரை சற்று உயரம் என்பதால் அடித்தளம் அதிகம் எழுப்பவில்லை. அவன் சம்பாத்தியம் முழுவதும், நிலம் விற்ற காசு முழுவதும் அந்தச் சுவர்களுக்குள் போயின. கையில் வேறெதுவும் மிச்சமில்லை. அவன் பெண்டாட்டி வாசலில் செம்பருத்தி வைத்தாள். அவனைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். ஓட்டு வீடு, ஷீட்டு வீடு, ஒன்றிரண்டு மாடி. தேர்தலுக்கு முன்னால் மின்கம்பம் வந்தது. தெருவுக்கு ஒரு பெயரும் வந்தது. நான் எண்ணியவரை ஏரிக்குள் இருபத்துமூன்று வீடு.

கரைக்குக் கீழே, மச்சானின் பழைய நஞ்சையில், புரோக்கர் போட்ட மனைகளில் வேறு ஜனங்கள் குடியேறினார்கள். கோடியிலிருந்து வழியும் தண்ணீர் போகிற கால்வாய் அந்த மனைகளுக்கு நடுவில்தான் போனது. புரோக்கர் அதன் மேல் மண்ணைக் கொட்டிச் சாலை ஆக்கி, அடியில் இரண்டே இரண்டு சிமெண்ட் குழாய் புதைத்திருந்தான். அதை நான் எண்ணிய அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் கோடியில் ஒன்பதாவது வரிசைக் கல் காணாமல் போயிற்று. ஒரே நாளில் போகவில்லை, ஒவ்வொன்றாகப் போயிற்று. ஏரிக்குள் இருந்த வீடுகளின் முன்னால் துணி துவைக்கும் கல்லாக அதில் சிலவற்றைப் பார்த்தேன். கல் தேவைப்பட்டு எடுத்தார்கள் என்று முதலில் நினைத்தேன். எட்டாவது வரிசையும் போனபோதுதான் புரிந்தது. கோடி தாழ்ந்தால் ஏரி நிறையாது. ஏரி நிறையாவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வராது. பொதுப்பணித்துறைக்கு எழுதினேன், ஊராட்சிக்கு எழுதினேன், மனு நாளில் போய் நின்றேன். இளவயது என்ஜினீயர் ஒருவர் வந்து ஏழு வரிசையையும் பார்த்துவிட்டு, "எஸ்டிமேட் போடணும் சார்" என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

மச்சானிடமும் கேட்டேன். "நீயாடா எடுத்த?"

"நான் எடுக்கல மாமா. எடுக்க வேணாம்னும் சொல்லல."

அதற்கடுத்த கார்த்திகையில், தீபம் முடிந்த கையோடு, மழை பிடித்தது. தீபத்துக்கு வந்த கூட்டம் ஊர் திரும்பும் முன்பே ஆரம்பித்துவிட்டது. மலை தெரியவில்லை. தீபக் கொப்பரை இருக்கும் உச்சி மட்டுமல்ல, அடிவாரமே தெரியவில்லை. முதல் நாள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். என் மனைவி அண்டா குண்டா எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்தாள். மறுநாள் அவற்றைக் கவிழ்த்து உள்ளே எடுத்து வைத்தாள். நான் பார்த்த எந்த ஐப்பசியிலும் அப்படிப் பெய்ததில்லை. ஓடைகள் எல்லாம் ஒரே சமயத்தில் செந்நிறமாக வந்தன. பல வருஷமாகக் காய்ந்து இறுகிய தரை ஒரு சொட்டும் குடிக்கவில்லை, வந்ததையெல்லாம் அப்படியே ஏரிக்கு அனுப்பியது.

மூன்றாவது நாள் மத்தியானம் கோடியில் சத்தம் கேட்டது. குடையை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் ஏழாவது வரிசையின் தலையைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. ஏரிக்குள் இருப்பவர்கள் பதினாறு பேர் கடப்பாரையோடு நின்றார்கள், இன்னும் இரண்டு வரிசையைப் பெயர்த்துவிட்டால் தங்கள் வீடு தப்பும் என்று. கரைக்குக் கீழே இருப்பவர்கள் எதிரில் நின்றார்கள். அந்த இரண்டு குழாயில் இப்போதே தண்ணீர் போக வழியில்லாமல் சாலை மேல் ஏறி மனைகளுக்குள் புகுந்திருந்தது. இன்னும் திறந்தால் அவர்கள் கதி அவ்வளவுதான். மழையில் யார் பேசுவதும் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. கெட்ட வார்த்தைகள் மட்டும் தெளிவாகக் கேட்டன.

முன்னால் நின்றவன் மச்சான். முழங்கால் வரை தண்ணீரில், கடப்பாரையை ஒரு கல்லின் இடுக்கில் கொடுத்திருந்தான். அவன் வீட்டுக்குள் அப்போது தண்ணீர் வாசற்படியைத் தாண்டிவிட்டிருந்தது. எல்லோருக்கும் அது தெரியும்.

மனைக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தாள். டவுனில் தையல் கடை வைத்திருந்தவள், புருஷன் இல்லை, தைத்துச் சேர்த்த பணத்தில் மனை வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தாள். மழைக்காக யூரியா சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தாள். அவனுக்கு மிக அருகில் வந்து நின்றாள்.

"அண்ணே, என் வீடு எங்க இருக்குதுன்னு தெரியுதா?"

அவன் கடப்பாரையை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தான்.

"நீங்க வித்த எடம்ணே அது. புரோக்கர் மனை போட்டாலும் பத்தரத்துல உங்க கையெழுத்துதான் இருக்குது. நல்ல எடம்மா, தண்ணி நிக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"தள்ளிக்கோம்மா."

"தள்ளி எங்கண்ணே போவ? நீங்களே சொல்லுங்க, அங்க போறேன்."

பின்னால் இருந்து ஒருவன் கத்தினான். "யோவ், நெம்புய்யா! பொம்பள பேசறான்னு நிக்கற?"

மச்சான் அவளைப் பார்த்தான். கரைக்குக் கீழே தன் பழைய வரப்பு இருந்த இடத்தைப் பார்த்தான். திரும்பி ஏரிக்குள் தன் வீட்டுப் பக்கம் பார்த்தான். மழையில் ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு கடப்பாரையை இடுக்கிலிருந்து உருவி, வழிகிற தண்ணீரிலேயே போட்டுவிட்டான். அது உருண்டு கீழே போயிற்று. "எவனாவது கல்லத் தொட்டீங்க..." என்று ஆரம்பித்தான். அதை முடிக்க அவனால் முடியவில்லை. ஆனாலும் மற்றவர்கள் தொடவில்லை.

அன்று சாயங்காலம் அவன் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு மூட்டை, ஒரு டிவி, ஒரு கன்றுக்குட்டி. அவன் வீட்டில் தண்ணீர் ஜன்னல் கட்டை வரை ஏறி நின்றது.

மழை விட்டதும் ஊர்ப் பெண்கள் கோடியில் பொங்கல் வைக்கப் புறப்பட்டார்கள். பல வருஷத்துக்குப் பிறகு ஏரி வழிந்திருக்கிறது, வைக்காமல் இருக்கலாமா? என் மனைவி முதலில் போகவில்லை என்றாள். பிறகு குளித்துவிட்டுப் பானையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது தம்பி கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வெச்சிட்டு வந்தியாக்கா?"

"வெச்சேன்."

"எனக்காக எதனா வேண்டினியா?"

"தண்ணி வந்ததுக்கு வைக்கற பொங்கல்டா. உனக்காக இன்னான்னு வேண்டறது?"

அவன் சிரித்தான். "குடு, சாப்பிடறேன்" என்று கையை நீட்டினான். அவள் அவனுக்கு மட்டும் இன்னொரு கரண்டி போட்டாள்.

அதோடு அவனுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் வெள்ளச் சேதம் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள். ஏரிக்குள் இருந்த வீடுகளையும் எழுதிக்கொண்டு நிவாரணச் சீட்டுக் கொடுத்தார்கள். கொடுக்காமல் இருக்கவும் முடியாது, ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் சீட்டை எனக்குக் காட்ட எடுத்து வந்தான். முகத்தில் மறுபடியும் அந்தப் பழைய வெளிச்சம்.

"படிங்க மாமா. இன்னான்னு போட்டிருக்குது? 'சேதமடைந்த வீடு'. வீடுன்னு போட்டிருக்குதா இல்லையா? இத்தன நாளு 'ஆக்கிரமிப்பு'ன்னுதானே எழுதுவான்?"

நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கோடையில் தண்ணீர் வடிந்தது. இருபத்துமூன்று குடும்பமும் திரும்பிப் போயின. புதிதாக ஒன்பது வீட்டுக்கு அடிக்கல் விழுந்தது, வெள்ளத்தில் மூழ்கினால்கூட நிவாரணச் சீட்டுக் கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டதல்லவா. இதற்கிடையில் என் மனுக்கள் எந்த மேஜையில் கிடந்தனவோ, யார் கையில் ஏறினவோ, பொதுப்பணித்துறை ஒருநாள் ஜல்லியும் சிமெண்டும் கொண்டுவந்து இறக்கியது. கோடியை மறுபடியும் ஒன்பது வரிசைக்குக் கட்டினார்கள். இந்த முறை கல்லை உருவ முடியாதபடி சிமெண்ட் போட்டுப் பூசினார்கள். நான் கேட்டதுதான், கேட்டபடியே கிடைத்தது. பூசிய ஈரம் காய்வதற்குள் கரையிறங்கிப் போய் மறுபடியும் எண்ணினேன். குழாய் இரண்டுதான் என்பது மாறவில்லை. வீடுகள் ஏரிக்குள் இருப்பதும் மாறவில்லை. தண்ணீர் நிற்கும் உயரம் மட்டும் ஏறியிருந்தது.

மச்சான் வீட்டுக்குப் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் ஜன்னல் கட்டைக்கு நேராகச் செம்மண் கோடாகப் படிந்திருந்தது. அவன் பழைய மேல்தளத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தயாராகிக்கொண்டிருந்தான். அந்தச் செம்மண் கோட்டுக்கு ஓரடி மேலே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தான்.

"இதான் மாமா புது தரை. தண்ணி வந்த எடத்துக்கு மேல ஓரடி. இனிமே பயமில்ல."

"மச்சான், அன்னிக்கி ஏரி ரொம்பலடா."

"இன்னாது?"

"கோடி ஏழு வரிசைதான் இருந்துது. ஏழுக்கு மேல நிக்காம ஓடிடுச்சு. இப்ப ஒம்பது கட்டியிருக்கான். ரொம்பினா இந்தச் செம்மண் கோட்டுக்கு மேல ரெண்டடி நிக்கும். உன் புது தரைக்கு மேல ஓரடி."

அவன் சுண்ணாம்புக் கோட்டையும் என்னையும் பார்த்தான். கணக்கு அவனுக்குப் புரிந்தது. அவன் முட்டாளல்ல.

"இன்னும் ஓரடி ஏத்தினா வாசல்ல ஏணி வெக்கணும் மாமா. காசும் இல்ல. அது மாதிரி மழ இனிமே நம்ம ஆயுசுக்கு வராது."

"நான் சொல்றது கோடி மட்டத்துக்கு. அதுக்கு மேல வழியறது தனிக் கணக்கு."

"நீங்க எண்ணினே இருங்க, நான் கட்டினே இருக்கேன்."

சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனான். இரண்டு வருஷமாக அவனுக்கு மெமோ வரவில்லை, நிவாரணச் சீட்டுத்தான் இருக்கிறது. அதை வைத்து மனு எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டான். நான் எழுதவில்லை. வேறு யாரோ எழுதிக் கொடுத்ததாகக் கேள்வி.

தரையை அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற மண் வேண்டும். ஏரிக்குள் இருப்பது வண்டலும் களிமண்ணும், நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். தரைக்கு அடியில் அதை நிரப்பினால் சுவர் நிற்காது. பல காலம் மிதிபட்டு இறுகிய செம்மண்ணும் சரளையும் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. மச்சான் மட்டும் அங்கிருந்து எடுத்திருந்தால் தெரியாமலே போயிருக்கும். முப்பத்திரண்டு வீட்டுக்கும் தரை ஏற வேண்டியிருந்தது.

இதை எழுதுகிற இந்த ஐப்பசியில் நான் சைக்கிள் விடுவதை நிறுத்திவிட்டேன். கரையில் நடந்துதான் போகிறேன். பனை இருபத்தொன்பது இருக்கிறது. கரையின் ஏரிப்பக்கச் சரிவை வீட்டுத் தரைகளுக்காக டிராக்டர் வாளி அரித்து அரித்து, பனையின் வேர்கள் காற்றில் தொங்குகின்றன. எதிரெதிரே இரண்டு வண்டி போன கரையில் இப்போது எதிரில் ஓர் ஆள் வந்தால் நான் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. கோடி மட்டும் புத்தம் புதிதாக, ஒன்பது வரிசையும் சிமெண்டுப் பூச்சில் வெள்ளையாக, முன்னைவிட உறுதியாக நிற்கிறது. அதற்கு மறுபக்கத்தில் தையல்கார அம்மாள் வீட்டு வாசலில் மிஷின் சத்தம் கேட்கிறது.

நேற்று மலையில் மேகம் கட்டியது. குடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். மதகுக்குப் பக்கத்தில், சரிவின் அடியில், ஒரு டிராக்டர் மண் ஏற்றிக்கொண்டிருந்தது. மச்சான் வாளிக்குப் பக்கத்தில் நின்றபடி ஆளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் சொல்வதற்குள் அவனே கையை வீசிக் கத்தினான்.

"மாமா, ஓரமா நிக்காதீங்க! நடுவுல வாங்க, கரை சரியுது!"